ராணி அரேத்தியின் வீடு: ஹவுஸ்கீப்பிங் கண்ணால் ஒரு ரிவ்யூ

ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருப்பவளுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தக் கதையைப் படித்தாலும், படுக்கையை யார் போட்டார்கள், கை கழுவத் தண்ணீர் யார் கொண்டுவந்தார்கள், கிளம்பும்போது பெட்டியை யார் தூக்கினார்கள் என்றுதான் கண் போகும். பழங்காலக் கிரேக்கக் கவி ஹோமரின் ஒடிஸி காவியத்தையும் அப்படித்தான் படித்தேன். அதில் விருந்தாளி போகிற வீடுகளுக்குப் பஞ்சமே இல்லை. அத்தனையிலும் எனக்குப் பிடித்தது ஸ்கேரியா தீவில் ஃபியேசியர்களின் ராணி அரேத்தி நடத்தும் வீடு. ராஜா அல்கினூஸ் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது ராணி பெயரில் ஏன் ரிவ்யூ எழுதுகிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

விருந்தாளி ஒடிசியஸ், ட்ராய் போர் முடிந்து சொந்த ஊரான இதாக்காவுக்குத் திரும்ப முடியாமல் அலையும் ராஜா. கலிப்ஸோ என்ற தேவதையின் தீவிலிருந்து தானே கட்டிய தெப்பத்தில் கிளம்பி, 17 நாள் கடலில் வந்து, 18-ம் நாள் ஸ்கேரியாவின் மலைகள் கண்ணில் பட்ட நேரத்தில் கடல் தெய்வம் போஸைடன் புயலைக் கிளப்பித் தெப்பத்தைச் சிதறடித்துவிட்டான். இரண்டு பகல், இரண்டு இரவு தண்ணீரில் தத்தளித்து ஒரு ஆற்று முகத்துவாரத்தில் கரையேறியபோது உடம்பில் பொட்டுத் துணி இல்லை. பாறையைப் பிடித்ததில் உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. ஆலிவ் புதருக்கு அடியில் சருகைக் குவித்து அதற்குள் புகுந்து தூங்கிவிட்டார். முன்பதிவு இல்லை, சாமான் இல்லை, அடையாள அட்டை இல்லை. எங்கள் தொழிலில் இப்படி ஒருவர் வாசலில் வந்து நின்றால் செக்யூரிட்டி முதலில் வாக்கிடாக்கியைத்தான் எடுப்பார்.

அரேத்தியின் கவனிப்பு, அரேத்திக்கே தெரியாமல், ஆற்றங்கரையிலேயே தொடங்கிவிடுகிறது. மகள் நௌசிக்கா வீட்டு அழுக்குத் துணியைக் கோவேறு கழுதை வண்டியில் ஏற்றிக்கொண்டு பணிப்பெண்களோடு துவைக்க வருகிறாள். புறப்படும்போது அம்மா பெட்டி நிறையச் சாப்பாடு வைத்து, ஆட்டுத்தோல் பையில் ஒயின் ஊற்றி, குளித்தபின் பூசிக்கொள்ளப் பொன் குப்பியில் ஆலிவ் எண்ணெயும் கொடுத்தனுப்பியிருக்கிறார். ஒடிசியஸ் ஒரு கிளையை ஒடித்து மறைத்துக்கொண்டு புதரிலிருந்து வெளியே வந்ததும் அவருக்குக் கிடைத்தது அந்தச் சாப்பாடு, அந்த எண்ணெய், அன்றைக்குத் துவைத்துக் காய்ந்த மேலாடையும் உள்ளாடையும். ஸ்டோர் ரூமை எப்போதும் நிறைத்து வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். திடீரென்று ஆள் வந்தால் அலைய வேண்டியதில்லை.

அப்புறம் நௌசிக்கா வழி சொல்கிறாள். முற்றம் தாண்டி கூடத்துக்குள் விறுவிறுவென்று நட. அடுப்பு வெளிச்சத்தில் தூணில் சாய்ந்தபடி அம்மா கடல் ஊதா நிறக் கம்பளி நூல் நூற்றுக்கொண்டிருப்பாள். பக்கத்தில் அப்பா சிம்மாசனத்தில் உட்கார்ந்து ஒயின் குடித்துக்கொண்டிருப்பார். அவரைத் தாண்டிப் போய் அம்மாவின் முழங்காலைப் பிடி. அம்மாவுக்கு உன்மேல் இரக்கம் வந்தால் நீ ஊர் போய்ச் சேருவாய். பெற்ற மகளே அப்பாவை இப்படித் தாண்டிப் போகச் சொல்கிறாள் என்றால் அந்த வீட்டில் சாவிக்கொத்து யார் இடுப்பில் என்று கேட்கத் தேவையில்லை. வழியில் சின்னப் பெண் வேஷத்தில் வந்த அதீனா தேவியும் அதையேதான் சொல்கிறாள்: அல்கினூஸ் தன் மனைவிக்குக் கொடுக்கும் மரியாதையை உலகத்தில் எந்தக் கணவனும் கொடுத்ததில்லை, அரேத்தி தெருவில் நடந்தால் ஜனங்கள் தெய்வத்தைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள், ஆண்களுக்குள் வரும் சண்டையைக்கூட அவர் தீர்த்து வைப்பார்.

கட்டடத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. வெண்கலச் சுவர், பொன் கதவு, வெள்ளி நிலை. வாசலில் கொல்லர் தெய்வம் ஹெஃபைஸ்டஸ் செய்த பொன் நாய்களும் வெள்ளி நாய்களும். முதுமையும் சாவும் கிடையாதாம். தீனிச் செலவும் இருக்காது. இரவில் தீவட்டி பிடிக்கப் பொன்னால் செய்த பையன்கள். தோட்டத்தில் பேரி, மாதுளை, ஆப்பிள், அத்தி, ஆலிவ்; வருஷம் முழுக்க ஒரு மரமாவது காய்க்காமல் இருக்காது. படம் எடுத்துப் போட நல்ல இடம். ஆனால் விளம்பரப் படத்தில் பளபளக்கும் எத்தனையோ இடங்களில் பாத்ரூம் குழாயைத் திறந்தால் சத்தம் மட்டும்தான் வரும் என்பது எங்களுக்குத் தெரியும்.

குறையைச் சொல்லிவிடுகிறேன். வரவேற்பு படு மந்தம். ஒடிசியஸ் நேராகப் போய் அரேத்தியின் முழங்காலைப் பிடிக்கிறார். அதீனா அவரைச் சுற்றிப் போர்த்தியிருந்த மூடுபனி விலகுகிறது. கூடம் முழுக்க வாயடைத்துப் பார்க்கிறது. என்னை என் ஊருக்கு அனுப்பிவையுங்கள் என்று கெஞ்சிவிட்டு அவர் அடுப்படிச் சாம்பலில் போய் உட்கார்கிறார். ஒருவரும் பேசவில்லை. ராஜாவும் பேசவில்லை, ராணியும் பேசவில்லை. கடைசியில் ஊரிலேயே வயதான எக்கெனியஸ்தான் வாய் திறந்து, வந்தவரைச் சாம்பலில் உட்கார வைத்திருப்பது நன்றாக இல்லை என்று ராஜாவுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதன்பிறகு எல்லாம் மளமளவென்று நடக்கிறது. அல்கினூஸ் கையைப் பிடித்துத் தூக்கி, தன் செல்ல மகன் லவோடமாஸை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார வைக்கிறார். ஒரு பெண் பொன் கெண்டியிலிருந்து வெள்ளித் தாம்பாளத்துக்கு மேல் கை கழுவத் தண்ணீர் ஊற்றுகிறாள். ரொட்டி வருகிறது, ஒயின் கலக்கிறார்கள். பெயர், ஊர் ஒன்றும் கேட்கவில்லை; முதலில் சாப்பாடு, விசாரணை பிறகு. ஒடிசியஸே, வயிற்றைப்போல வெட்கம் கெட்டது எதுவும் இல்லை, முதலில் சாப்பிட விடுங்கள் என்கிறார்.

அந்த நேரத்தில் அரேத்தி ஏன் பேசவில்லை என்பது ஹோமரைப் படித்த அறிஞர்களும் வெகுகாலமாக முட்டிக்கொள்ளும் கேள்வி. மகள் அவ்வளவு சொல்லி அனுப்பியிருக்கிறாள், முழங்காலைப் பிடித்தாகிவிட்டது, ராணி கல்லாட்டம் இருக்கிறாரே? என் தொழில் அறிவுக்கு எட்டிய பதில் இது: அவர் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விருந்துக்கு வந்த பெரியவர்கள் எழுந்து போகிறார்கள். வேலைக்காரிகள் பாத்திரங்களை எடுக்கிறார்கள். ராஜா, ராணி, விருந்தாளி மூன்று பேர்தான் மிச்சம். அப்போது முதல்முறையாக அரேத்தி வாய் திறக்கிறார். ஐயா, நீங்கள் யார், எந்த ஊர், இந்த உடுப்பை உங்களுக்கு யார் கொடுத்தது? கடலில் அலைந்து வந்ததாகச் சொன்னீர்களே?

ஒடிசியஸ் போட்டிருக்கும் உடுப்பு அரேத்தியும் அவர் பணிப்பெண்களும் தங்கள் கையால் நெய்தது. நம் பெட்ஷீட்டின் ஓரத் தையல் எங்கே பிரிந்திருக்கிறது என்று ஹவுஸ்கீப்பிங்கில் இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். லாண்டரியிலிருந்து மாறி வந்த ஒரு டவலை நூறு டவலுக்கு நடுவில் கண்டுபிடித்துவிடுவோம். அப்படியிருக்க, தான் நெய்த துணி ஒரு அந்நியன் உடம்பில் வீட்டுக்குள் நுழைகிறது. அன்று காலை அந்தத் துணிகளை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனவள் கல்யாண வயதில் இருக்கும் மகள். வேறு எந்த அம்மாவும் அங்கேயே கத்தியிருப்பாள். ஊர்ப் பெரியவர்கள் இருந்தவரை அரேத்தி ஒரு சொல் பேசவில்லை. மகள் பெயர் சபையில் அடிபடக்கூடாது. விருந்தாளி சாப்பிட்டு முடிக்க வேண்டும். இரண்டும் ஆனபிறகு கேட்டார். எனக்கு ட்ரெயினிங் எடுக்கும் வாய்ப்பு கிடைத்தால் புதுப் பெண்களுக்கு இந்த ஒரு காட்சியைத்தான் முதல் பாடமாக வைப்பேன்.

ஒடிசியஸ் பெயரைச் சொல்லாமல் மீதியைச் சொல்கிறார்: கலிப்ஸோவிடம் ஏழு வருஷம், தெப்பம், புயல், ஆற்றங்கரையில் நௌசிக்கா செய்த உதவி. உடனே அல்கினூஸ், மகள் உன்னைக் கையோடு கூட்டி வராமல் விட்டது தப்பு என்கிறார். இல்லையில்லை, அவள் கூப்பிட்டாள், நான்தான் கூச்சப்பட்டு வரவில்லை என்று ஒடிசியஸ் ஒரு பொய் சொல்லி அவளைக் காப்பாற்றுகிறார். நல்ல விருந்தாளி. ராஜா அதோடு நிற்கவில்லை; உன்னைப்போல ஒருவன் மருமகனாக வந்தால் வீடும் சொத்தும் தருவேன் என்கிறார். பெயர் தெரியாத ஆளிடம்! ராணி துணியை விசாரிக்கிற அதே நேரத்தில் ராஜா சம்பந்தம் பேசுகிறார். இந்த வீட்டின் சுபாவம் முழுக்க அந்தச் சில வரிகளில் இருக்கிறது.

அடுத்து அரேத்தி செய்தது படுக்கை. தலைவாசல் மண்டபத்தில் கட்டில் போடச் சொல்லி, மேலே நல்ல ஊதா நிறக் கம்பளங்கள், அதற்கு மேல் விரிப்பு, எல்லாவற்றுக்கும் மேல் போர்த்திக்கொள்ளக் கம்பளிப் போர்வை என்று வரிசை சொல்லி அனுப்புகிறார். பெண்கள் தீவட்டியோடு போய்ப் போட்டுவிட்டு வந்து, எழுந்து வாங்க ஐயா, படுக்கை தயார் என்கிறார்கள். விருந்தாளிக்கு மண்டபத்தில் படுக்கை போடுவது அந்தக் காலக் கிரேக்க வீடுகளில் மரியாதைக் குறைவு இல்லை. ஸ்பார்ட்டாவில் ராணி ஹெலனும் ஒடிசியஸின் மகனுக்கு இதே மாதிரிதான் போடச் சொல்கிறாள். சருகுக்குள் தூங்கிய மனிதருக்கு மறுநாள் ராத்திரி மூன்று அடுக்குப் படுக்கை.

இரண்டாம் நாளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது பெரும்பாலும் ராஜாவின் நாள். பார்வையற்ற பாடகர் டெமோடோகஸ் ட்ராய் போரைப் பாடுகிறார், விருந்தாளி மேலாடையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுகிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் அல்கினூஸ் மட்டும் கவனித்து, வாருங்கள் விளையாடப் போகலாம் என்று பேச்சை மாற்றுகிறார். இதற்கு அவருக்குத் தாராளமாக மதிப்பெண் தரலாம். விளையாட்டில் யூரியலஸ் என்ற பையன், உன்னைப் பார்த்தால் லாபம் எண்ணும் கப்பல் வியாபாரி மாதிரி இருக்கிறது என்று மட்டம் தட்டுகிறான். பிறகு மன்னிப்புக் கேட்டு வெள்ளிப் பிடி போட்ட வாளைக் கொடுக்கிறான். புகார் தீர்க்கப்பட்டது.

மாலையில் பரிசுகள். நாட்டில் 12 சிற்றரசர்கள், அல்கினூஸோடு 13. ஆளுக்கு ஒரு மேலாடை, ஒரு உள்ளாடை, ஒரு தாலந்து (அந்தக் கால எடை அளவு) பொன். அரேத்தி உள்ளறையிலிருந்து அழகான ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் தானே அடுக்கி வைத்து, தன் பங்குக்கும் உடுப்பு வைக்கிறார். பிறகு ஒடிசியஸிடம் சொல்கிறார்: மூடியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், முடிச்சையும் நீங்களே போடுங்கள், கப்பலில் அசந்து தூங்கும்போது யாரும் கை வைத்துவிடக் கூடாது. கப்பல் ஓட்டப் போவது அவருடைய சொந்த ஊர்ப் பையன்கள்! எங்கள் ஆட்கள் தங்கமானவர்கள் என்று எந்த நிர்வாகமும் சொல்லும். பூட்டை உங்கள் கையால் போடுங்கள் என்று சொல்லும் நிர்வாகத்தைத்தான் நான் நம்புவேன். ஒடிசியஸும் சூனியக்காரி சர்ஸி கற்றுக்கொடுத்த ஒரு சிக்கலான முடிச்சைப் போடுகிறார். அடுத்த நிமிஷம் வெந்நீர்க் குளியல். கலிப்ஸோவின் தீவை விட்ட பிறகு வெந்நீரையே பார்க்காதவருக்கு அதைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது என்று ஹோமர் எழுதுகிறார். முந்தின நாளே கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி.

இரவு ஒடிசியஸ் தன் பெயரைச் சொல்லி, பத்து வருஷக் கதையைச் சொல்லத் தொடங்குகிறார். பதினோராம் காண்டத்தில் நடுவில் நிறுத்தித் தூங்கப் போகலாமா என்கிறார். கூடம் மந்திரம் போட்டதுபோல உட்கார்ந்திருக்கிறது. இந்தத் தடவை முதலில் பேசுவது அரேத்தி. எப்படி இருக்கிறார் பார்த்தீர்களா, இவர் என் விருந்தாளி. அவசரப்பட்டு அனுப்பாதீர்கள், இல்லாதவருக்குக் கொடுப்பதில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள், உங்கள் வீடுகளில்தான் நிறைய இருக்கிறதே என்கிறார். முதல்நாள் சபையில் மௌனமாக இருந்தவர் இன்றைக்குச் சபை நடுவில் உரிமை கொண்டாடுகிறார். ஆளை எடைபோட்டாகிவிட்டது.

அதன்மேல் அல்கினூஸ் ஆளுக்கு பாத்திரம் வைக்கும் ஒரு பெரிய முக்காலியும் கொப்பரையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லி, அந்தச் செலவை ஊர் ஜனங்களிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்கிறார். தாராளம் ராஜாவுடையது, பில் ஊராருடையது. இது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவரே கப்பலில் ஏறி, துடுப்பு போடுபவர்களின் காலில் இடிக்காதபடி பெஞ்சுக்கு அடியில் சாமானை ஒழுங்காக அடுக்குகிறார். அதைப் படித்ததும் கோபம் பாதி போய்விட்டது.

செக்-அவுட் மறுநாள் பொழுது சாய்ந்ததும். விடைபெறும்போது ஒடிசியஸ் இரண்டு கைப்பிடிக் கோப்பையை ராஜாவிடம் கொடுக்கவில்லை, அரேத்தியின் கையில் வைத்துத்தான் வாழ்த்துகிறார். அரேத்தி மூன்று பெண்களைக் கூட அனுப்புகிறார்: ஒருத்தி கையில் துவைத்த உடுப்பு, ஒருத்தி கையில் அந்தப் பெட்டி, ஒருத்தி கையில் ரொட்டியும் ஒயினும். கப்பலின் பின்தளத்தில் விரிப்பும் லினன் துணியும் போட்டுப் படுக்க வைக்கிறார்கள். தூங்கும்போதே இதாக்கா வந்துவிடுகிறது. எழுப்பாமல் விரிப்போடு தூக்கி மணலில் வைத்து, சாமானையெல்லாம் போகிற வருகிறவர்கள் கண்ணில் படாதபடி ஆலிவ் மரத்தடியில் ஒதுக்கி வைத்துவிட்டுப் போகிறார்கள். விழித்த மனிதருக்குச் சொந்த ஊரே அடையாளம் தெரியவில்லை. ஃபியேசியர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று திட்டிக்கொண்டே முக்காலி, கொப்பரை, பொன், துணி எல்லாவற்றையும் எண்ணுகிறார். ஒன்றுகூடக் குறையவில்லை. வாடிக்கையாளர் என்றால் அப்படித்தான்.

மற்ற வீடுகளோடு ஒப்பிட்டால்தான் அரேத்தியின் மதிப்பு தெரியும். கலிப்ஸோ நன்றாகத்தான் கவனித்தாள், ஆனால் வெளியே விடவில்லை. சர்ஸி முதலில் வந்தவர்களைப் பன்றியாக்கிவிட்டு, பிறகு ஒரு வருஷம் விருந்து வைத்தாள். ஹெலன் விருந்தாளிகளின் துக்கம் மறக்க அவர்களுக்குத் தெரியாமல் ஒயினில் மருந்து கலக்குகிறாள். நல்ல எண்ணம்தான், எங்கள் தொழிலில் போலீஸ் கேஸ். வேறொரு கிரேக்கக் கதையில் வரும் எலூசிஸ் ராணி மெட்டனீரா மட்டும் கொஞ்சம் கிட்டே வருகிறார். கிழவி வேஷத்தில் வந்த டிமீட்டர் தேவிக்குத் தன் ஆசனத்தையே கொடுக்கிறார். தேவி அதை மறுத்து, ஒயினையும் மறுத்து, புதினா வகை இலை போட்ட பார்லித் தண்ணீர் கேட்டதும் முகம் கோணாமல் கலந்து கொடுக்கிறார். ஆனால் தன் குழந்தைக்குச் சாகாவரம் கொடுக்கத் தேவி அதை ராத்திரியில் நெருப்பில் வைப்பதை ஒளிந்து பார்த்து அலறிவிட்டார். காரியம் கெட்டது. பெற்றவளைக் குறை சொல்ல முடியாதுதான். இருந்தாலும், கண்ணில் பட்டதை எப்போது கேட்பது என்று தெரிந்திருந்தது அரேத்திக்குத்தான்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். இலவசக் கப்பல் சேவை நிறுத்தப்பட்டுவிட்டது. ஒடிசியஸை விட்டுவிட்டுத் திரும்பிய கப்பலைத் துறைமுகம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் போஸைடன் கல்லாக்கிவிட்டான். இனி யாரையும் கொண்டுபோய் விடுவதில்லை என்று அல்கினூஸ் அறிவித்து, 12 காளைகளைப் பலி கொடுக்க ஏற்பாடு செய்கிறார். கிரேக்கர்கள் பழங்காலத்திலேயே ஸ்கேரியாவைக் கோர்ஃபு தீவோடு சேர்த்துப் பேசினார்கள்; அங்கே போண்டிகோனிசி என்ற குட்டித் தீவைக் காட்டி இதுதான் அந்தக் கல்லான கப்பல் என்று இன்றும் சொல்கிறார்கள்.

கடைசியாக, வேலை செய்பவர்கள் பக்கம். இந்த அரண்மனையில் 50 பெண்கள். சிலர் மாவு அரைக்க, சிலர் நெய்யவும் நூற்கவும். யூரிமெடூசா என்ற மூதாட்டி வேறு ஊரிலிருந்து கப்பலில் பிடித்து வரப்பட்டு ராஜாவுக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்டவர். நௌசிக்காவை வளர்த்ததும், அவளுக்கு இரவுச் சாப்பாடு செய்து கொடுப்பதும் அவர்தான். எவருக்கும் சம்பளம் கிடையாது, ராஜினாமாவும் கிடையாது. கி.மு. 3-ம் நூற்றாண்டில் கவிஞர் அப்பொலோனியஸ் எழுதிய ஆர்கோ கப்பல் காவியத்திலும் அரேத்தி வருகிறார். ஆர்கோவின் தலைவன் ஜேசனோடு ஓடிவந்த கொல்கிஸ் இளவரசி மெடியா, துரத்தும் அப்பாவின் படைக்குப் பயந்து இதே முழங்காலைத்தான் பிடிக்கிறாள். அரேத்தி ராத்திரி கணவரிடம் பேசி, தீர்ப்பு என்னவாக இருக்கும் என்று முன்கூட்டியே கறந்துவிடுகிறார்: கன்னி என்றால் அப்பாவிடம் அனுப்புவேன், மனைவி என்றால் பிரிக்க மாட்டேன். அவர் தூங்கியதும் சத்தம் போடாமல் எழுந்து, உடனே கல்யாணத்தை முடி என்று ஜேசனுக்கு ஆள் அனுப்புகிறார். அன்றிரவே குகையில் கல்யாணம். கிளம்பும்போது மெடியாவுக்கு அரேத்தி கொடுத்த பரிசு, தன் அரண்மனைப் பணிப்பெண்கள் 12 பேர். அவர்களை யாரும் கேட்கவில்லை.

அந்தப் பெண்கள் கதையில் இன்னொரு இடத்தில் வருகிறார்கள். அனாஃபி என்ற வறண்ட தீவில் ஆர்கோ வீரர்கள் அப்பொல்லோ தெய்வத்துக்குப் பலி கொடுக்க ஒன்றும் இல்லாமல், எரியும் கட்டைமேல் வெறும் தண்ணீரை ஊற்றுகிறார்கள். அல்கினூஸ் வீட்டில் மாடு மாடாகப் பலி கொடுத்ததைப் பார்த்துப் பழகிய பணிப்பெண்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வீரர்களும் பதிலுக்குக் கிண்டல் செய்ய, ஒரே கலாட்டா. பிற்பாடு அந்தத் தீவில் அப்பொல்லோ பலியின்போது ஆண்களும் பெண்களும் ஒருவரையொருவர் கேலி செய்துகொள்வது வழக்கமாகவே ஆகிவிட்டதாம்.